சனநாயகக் கட்சி (தாய்லாந்து)

சனநாயகக் கட்சி (தாய் மொழியில்: பிரச்சாதிபத்) என்பது தாய்லாந்தில் இன்றும் செயல்பட்டு வரும் அரசியல் கட்சிகளுள் மிகவும் பழைமையானது ஆகும். அரச ஆதரவாளர்களால் 1946 ஏப்ரலில் இது தொடங்கப்பட்டது. பழைமைவாதமும் முடியாட்சி மீதான பற்றும் இதன் அடிப்படைகள் ஆகும்.

தோற்றம்

1932 சூன் 24 அன்று மக்கள் கட்சி என்ற குழு, மன்னரின் வரம்பற்ற ஆட்சியை முடிவுக்குக் கொண்டு வந்து அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சியை ஏற்படுத்தியது. அதன் பின்னர் அரச ஆதரவாளர்கள் அரசியலில் பின்தள்ளப்பட்டனர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்திலேயே அவர்களால் மீண்டும் தலையெடுக்க முடிந்தது.

1946 சனவரியில் பிரதமரான குவாங் அபைவோங், நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தோல்வியுற்று மார்ச்சு மாதத்தில் பதவி விலகினார். மக்கள் கட்சியின் குடிசார் பிரிவுத் தலைவராக இருந்த பிரீதி பனோம்யோங் பிரதமரானார். அவரை எதிர்ப்பதற்காகக் குவாங், அரச குடும்ப வழியினரான சேனி பிரமோச், அவருடைய தம்பி குக்ரித் பிரமோச் ஆகியோர் புதிய கட்சியில் ஒன்றிணைந்தனர். சக்ரி வம்ச நினைவு நாளான ஏப்ரல் 6 கட்சியின் நிறுவன நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முதல் தலைவரான குவாங், 1932 புரட்சியில் பங்கேற்றவர். அன்று அதிகாலையில் தலைநகரின் தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்த குழுவில் இருந்தவர்.

இராணுவத்துடனான உறவு

1946 சூன் 9 அன்று மன்னர் ஆனந்த மகிடோல் அரண்மனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயத்துடன் இறந்து கிடந்தார். இந்த இறப்பைக் கட்சியினர் பிரீதிக்கு எதிராகப் பயன்படுத்தினர். 1947 நவம்பரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிக் குவாங்கைப் பிரதமராக்கியது. 1948 சனவரித் தேர்தலில் அவருடைய கட்சி முதலிடம் பெற்றது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், அவரைப் பதவியில் அமர்த்திய படை அதிகாரிகளே அவரைக் கட்டாயப்படுத்திப் பதவி விலகச் செய்தனர்; பிபுன்சொங்கிராம் மீண்டும் பிரதமரானார். இராணுவத்தின் துணையால் கிடைக்கும் ஆட்சி நிலைக்காது என்பதைக் கட்சி இவ்வாறு தன் தொடக்க ஆண்டுகளிலேயே கண்டது.

பிற்காலத் தலைவர்கள்

1968 இல் குவாங் இறந்த பின்னர் சேனி பிரமோச் தலைவரானார். அவருடைய அரசு 1976 அக்டோபர் 6 அன்று, தம்மசாத் பல்கலைக்கழகப் படுகொலை நடந்த நாளில் கவிழ்க்கப்பட்டது. 1991 இல் தலைவரான சுவான் லீக்பாய், 1992 மக்கள் எழுச்சிக்குப் பின் நடந்த தேர்தலில் வென்று பிரதமரானார்.

2005 இல் தலைவரான அபிசித் வெச்சாசீவா 2008 முதல் 2011 வரை பிரதமராக இருந்தார். 2010 இல் பேங்காக்கில் நடந்த போராட்டமும் அதன் மீதான இராணுவ நடவடிக்கையும் 90க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. 2006, 2014 ஆகிய ஆண்டுகளில் கட்சி தேர்தலைப் புறக்கணித்தது. இரண்டு முறையும் சில மாதங்களுக்குள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2019 தேர்தலில் ஏற்பட்ட பெரும் தோல்வியால் அபிசித் பதவி விலகினார். 2023 இல் கட்சிக்கு 25 இடங்களே கிடைத்தன. 2025 அக்டோபரில் அவரே மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.