கிராமியக் கவுண்டியொன்றின் வருமான இடையம்: மதிப்பீடும் அதன் எல்லைகளும்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்துத் தென்கோடியில் மக்டவல் என்னும் கவுண்டி உள்ளது. மாநிலத்தின் உட்பிரிவான நிருவாக அலகையே அங்கு கவுண்டி என்பர். நிலக்கரித் தொழில் ஓங்கியிருந்த 1950இல் இங்கு ஏறத்தாழ 99,000 மக்கள் வாழ்ந்தனர். 2020இல் எஞ்சியிருந்தோர் 19,111 பேரே. இவ்வெழுபது ஆண்டுகளில் இங்குள்ள குடித்தனங்களின் வருமானம் எவ்வாறு மாறிற்று என்ற வினா எளியதுபோலத் தோன்றும். ஆயின் விடை காணப் புகுவோர் முதலடியிலேயே இடர்ப்படுவர்.

சராசரியாகிய இடையை விடுத்து இடையத்தை நாடுவதற்குக் காரணம் வெளிப்படை. செல்வர் சிலரின் வருமானம் இடையை மேலே இழுத்துவிடும். வருமானங்களை ஏறுவரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் குடித்தனத்தைக் காட்டும் இடையம் அவ்வாறு இழுபடாது. மக்டவலைப் பொறுத்தவரை வேறொன்றும் நோக்கற்பாலது. கரிநிலத்தில் பெரும்பகுதி வெளியூர்க் கம்பனிகளின் உடைமை. அவற்றின் இலாபம் பங்குதாரர் வாழும் நகரங்களின் கணக்கிலேயே சேரும். கரி இங்கிருந்து போனது. அதன் வருமானமும் உடன் போயிற்று. கவுண்டியின் வருமானக் கணக்கு இதனைக் காட்டாது.

குடிசன மதிப்பில் வருமானம் பற்றிய வினா முதன்முதலில் 1940இல் எழுப்பப்பட்டது. அப்போது கூலி, சம்பளம் ஆகியவற்றின் தொகையே பதியப்பட்டது. சொந்த நிலத்தில் உழைத்தவனின் வருவாய் தொகையாகப் பதியப்படவில்லை. 1950 முதல் மாதிரியாகத் தெரியப்பட்டோரிடம் பிற வருமானங்களும் கேட்கப்பட்டன. எனினும் அக்கால அட்டவணைகள் பெரும்பாலும் குடும்பத்தையே முன்னிறுத்தின. தனியே வாழும் முதியவள் குடித்தனமாவாள், குடும்பமாகாள். இளைஞர் வெளியேற முதியோர் தனித்து எஞ்சிய ஓர் ஊரில் இவ்வேறுபாடு சிறியதன்று. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு வளைகோடு வரைவோர் இல்லாத வீழ்ச்சியைக் காணவும் உள்ள வீழ்ச்சியைக் காணாதுவிடவும் கூடும்.

பத்தாண்டுக்கொருமுறை எண்ணுவதால் வேறொரு குறையும் நேர்ந்தது. 1980, 1990ஆம் ஆண்டு மதிப்புகள் முறையே 1979, 1989 ஆகிய ஆண்டுகளின் வருமானத்தையே தருவன. சுரங்கங்கள் மூடப்பட்ட கொடிய ஆண்டுகள் இவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலேயே மறைந்து கிடக்கின்றன.

2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு குடித்தனங்களுக்கு ஒன்றென நீண்ட வினாக்கொத்து வழங்கப்பட்டது, அதுவே இறுதி. 2005 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் அமெரிக்கச் சமுதாய ஆய்வு அதன் இடத்தைப் பெற்றது. 65,000க்குக் குறைந்த சனத்தொகையுடைய இடங்களுக்கு ஓராண்டுப் பதிலிறுப்புகள் போதா. எனவே ஐந்தாண்டுத் தரவுகளைத் திரட்டி ஓர் எண் வெளியிடப்படுகிறது. 2005–2009க்குரியதே இவ்வரிசையின் முதலாவது. இறுதியாண்டின் விலைமட்டத்துக்கு மாற்றப்படினும் அவ்வெண் எந்தத் தனியாண்டுக்கும் உரியதன்று. 2015–2019, 2016–2020 ஆகியவற்றை ஒப்பிட்டு ஓராண்டு வளர்ச்சி கூறுவது பிழை. நான்காண்டுத் தரவுகள் இரண்டிற்கும் பொது. ஒன்றையொன்று தொடாத காலங்களையே ஒப்பிடல் வேண்டும். அப்போதும் மாதிரி வழுவைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சிற்றிடங்களுக்கான சிறந்த தீர்வு 1979இல் பே, ஹெரியற் என்போர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. மத்திய அரசின் வருவாய்ப் பங்கீட்டுக்கு ஆயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களின் தலைக்குரிய வருமானம் தேவைப்பட்டது. ஐந்நூறு பேருக்கும் குறைந்த ஊருக்குக் கவுண்டியின் எண்ணையே இட்டு நிரப்புவது முந்தைய வழக்கம். வறிய ஊரும் வளமான ஊரும் ஒன்றாகிவிடும். அவர்கள் மாதிரி மதிப்பீட்டையும் வரிப்பதிவு முதலியவற்றிலிருந்து பிற்செலவுச் சமன்பாட்டாற் பெற்ற மதிப்பீட்டையும் நிறையிட்டுச் சேர்த்தனர். மாதிரி சிறிதாகி வழு பெருகுந்தோறும் நிறை சமன்பாட்டின் பக்கம் சாயும். இன்று கவுண்டிகளின் வருடாந்த இடையத்தை மதிப்பிடும் திட்டமும் இக்கருத்தையே பின்பற்றுகிறது. ஆனால் வரிப்பத்திரம் அனுப்பத் தேவையற்ற அளவுக்கு வறியோர் வரிப்பதிவில் இடம்பெறாதுவிடலாம் என்பதை மறத்தலாகாது.

அளவை செம்மையாயினும் பொருள்கொள்வதிற் சிக்கல் உண்டு. ஏழு குடித்தனங்களின் வருமானம் 8, 10, 12, 20, 30, 32, 35 ஆயிரம் டொலர் எனக் கொள்வோம், இடையம் 20. உயர்ந்த மூன்றும் வேலை தேடிக் குடிபெயர்ந்தால் இடையம் 11 ஆகும். எஞ்சியோர் எவரும் ஒரு சதமும் இழந்திலர். மக்டவலின் இடையம் இன்று தேசிய இடையத்தின் பாதிக்கும் குறைவு என்னும்போது, அதில் எவ்வளவு எஞ்சியோரின் இழப்பு, எவ்வளவு சென்றோரின் பிரிவு என்பதை இடையம் தனித்துச் சொல்லாது.

பணமாகக் கிடைப்பதே வருமானம் என்ற வரையறையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. உணவு முத்திரை (1979இல் இலங்கையிலும் இது அறிமுகமாயிற்று) அவ்வரையறைக்குள் அடங்காது. 1961 மே மாதத்தில், கெனடி அரசின் பரிசோதனைத் திட்டத்தின் முதலாவது உணவு முத்திரைகள் வழங்கப்பட்டது இதே மக்டவல் கவுண்டியிலேயே. அவ்வுதவி கூட்டப்பட்டாலும் குறைக்கப்பட்டாலும் சமையலறை உடனே உணரும், இடையமோ அசையாது.