காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

தேத்தண்ணியை எடுங்கள் டீச்சர், ஆறிவிடும். தரம் பத்துப் பிள்ளைகளுக்கு டெங்குவை எப்படிப் படிப்பிப்பது என்று கேட்டீர்கள். சுவரொட்டிப் போட்டி, ஊர்வலம், வளவு கூட்டுகிற சிரமதானம் எல்லாம் நடக்கட்டும். அவற்றோடு இரண்டு நாள் கணக்குகளையும் சொல்லிக் கொடுங்கள். ஒன்று நுளம்பின் கணக்கு, மற்றது காய்ச்சலின் கணக்கு.

குடாவுக்கு அப்பால் கிண்ணியாவில் 2017 மார்ச்சில் நடந்ததைத் திருமலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சல். பாடசாலைகளைச் சில நாள் மூடவே வேண்டி வந்தது. அந்த ஆண்டு முடியும்போது நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகியிருந்தார்கள். இறந்தவர்கள் நானூறைத் தாண்டினார்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. அப்போது பரவியது பல வருடங்களாக அதிகம் தலைகாட்டாத இரண்டாவது வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகை திரும்ப வராது, அவ்வளவுதான். அடுத்த முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூட. "எனக்கு முந்தியே வந்து போயிட்டுது" என்று சொல்லும் பிள்ளைக்கு முதலில் இதைத்தான் விளக்க வேண்டும்.

இத்தனைக்கும், அந்தக் கிண்ணியாக் காய்ச்சலுக்கு ஆறு மாதம் முன்பு, 2016 செப்டம்பரில்தான் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்திருந்தது. மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. வலையும் சுவருக்கு அடித்த மருந்தும் அதை மடக்கின. டெங்கு நுளம்போ பகலில், அதுவும் காலையிலும் மாலையிலும் கடிக்கிறது. பிள்ளை வகுப்பில் இருக்கிற நேரமும் அதில் அடக்கம். வளர்வது நம்முடைய பரலில், பூச்சாடித் தட்டில், யோகட் கோப்பையில், கரையில் ஏற்றிவைத்த தோணியில் தேங்கிய மழைத்தண்ணீரில்.

முட்டையை அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்து கிடந்தாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே பரலைக் கவிழ்த்தால் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நம்முடைய வெக்கைக்கு முட்டை நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறை. புகை அடித்தால் பறக்கிறது மட்டும் சாகும். தண்ணீரில் நெளிகிற குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் புகை வண்டி வந்து போனால் ஊருக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து.

இனிக் காய்ச்சலின் கணக்கு. உயிர் போவதும் தப்புவதும் இதில்தான். முதல் மூன்று நாள் காய்ச்சல் கொதிக்கும், வீடே பதறும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ஒருநாள் உடம்பு குளிரும். "விட்டுட்டுது" என்று தாய் ஆறுதல் அடைவாள். அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகிறது. ஒன்று அல்லது இரண்டு நாள் இப்படிக் கசியும். வயிற்று நோ, நிற்காத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், முரசில் இரத்தம், என்றுமில்லாத சோர்வு: இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிதான், மறுநாள் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. அதுவரை பரசிற்றமோல் மட்டும், அளவோடு. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் இரத்தக்கசிவைக் கூட்டும். வெறும் தண்ணீரை விட கஞ்சி, ஜீவனி, செவ்விளநீர் நல்லது. காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றாம் நாள் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

தவணைப் பரீட்சையில் குடம்பியின் படத்தை வரையச் சொல்வதற்குப் பதிலாக ஒரு கேள்வி வையுங்கள் டீச்சர்: "தம்பிக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, வயிறு நோகுது என்கிறான். நீ என்ன செய்வாய்?" உடனே ஆஸ்பத்திரிக்கு என்று எழுதாத தாளுக்கு, கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், புள்ளி போட வேண்டாம்.