ஈரமறிந்து பாய்ச்சுதல்

தேர்வு முடிந்ததும் நம் கண் மதிப்பெண்ணைத் தேடுகிறது. கூடியிருந்தால் மகிழ்கிறோம், குறைந்திருந்தால் வருந்துகிறோம். இரண்டொரு நாளில் இரண்டையும் மறந்து அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். தேர்வு எழுதி முடித்த நொடியிலேயே கணினித் திரையில் முடிவு தெரிந்துவிடும் காலம் இது. அம்முடிவு மறுநாள் வகுப்பறையில் எதனை மாற்ற வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அணையும் வயலும்

வைகை அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பது, மதுரை வட்டார மக்கள் நாளிதழில் தேடிப் படிக்கும் செய்தி. 71 அடி அதன் முழுமட்டம். நீர் உயர உயர மேலூரிலும் வாடிப்பட்டியிலும் உழவர் மனம் குளிரும். எனினும், அணையின் மட்டத்தை மட்டும் அறிந்துகொண்டு எவரும் வயலுக்கு நீர் பாய்ச்சுவதில்லை. கண்மாய்ப் பாசனம் நடைபெறும் ஊர்களில் நீர்ப்பாய்ச்சி என்றொருவர் உண்டு. அவர் வரப்பின்மீது நடந்து செல்வார். எந்த வயலில் மண் வெடித்திருக்கிறது, எதில் நீர் தேங்கி நிற்கிறது என்று கண்ட பின்பே வாய்க்காலைத் திருப்புவார். எல்லா வயலுக்கும் ஒரே நேரம் நீர் விட்டால் மேட்டு வயல் காயும்; பள்ளத்துப் பயிர் அழுகும்.

கல்வியிலும் இவ்விருவகை அளவுகள் உண்டு. 2021 நவம்பர் 12 அன்று நாடு முழுவதும் நடைபெற்ற தேசிய அடைவுத் தேர்வில் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 34 லட்சம் மாணவர்கள் பங்கேற்றனர். மாநிலங்களும் மாவட்டங்களும் எந்நிலையில் உள்ளன என்பதை அத்தேர்வு காட்டியது. அஃது அணையின் நீர்மட்டம் போன்றது. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவிக்கு எது விளங்கவில்லை என்பதை அது கூறாது. கூறுவது அதன் நோக்கமும் அன்று. அதனை அறிய வயலின் ஈரத்தைப் பார்ப்பதுபோன்ற வகுப்பறை மதிப்பீடு வேண்டும்.

வளரறியும் தொகுத்தறியும்

கற்றல் நிகழும்போதே அதன் போக்கை அறிந்து கற்பித்தலைத் திருத்த உதவுவது வளரறி மதிப்பீடு. கற்றல் முடிந்தபின் அடைந்த நிலையைத் தொகுத்துக் கூறுவது தொகுத்தறி மதிப்பீடு. இவ்வேறுபாட்டை 1967ஆம் ஆண்டு மைக்கேல் ஸ்கிரிவன் என்னும் அறிஞர் வகுத்துரைத்தார். தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை எட்டாம் வகுப்புவரை நடைமுறைக்கு வந்தபோது, வளரறி மதிப்பீட்டிற்கு 40 மதிப்பெண்ணும் தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பெற்றன.

பெயரில் வளரறி என்றிருப்பதால் மட்டும் ஒரு மதிப்பீடு வளரறி ஆகிவிடாது. அதன் முடிவைக் கண்ட பின்னும் ஆசிரியர் திட்டமிட்டபடியே பாடத்தைத் தொடர்ந்தால், அது மற்றுமொரு தேர்வாகவே நின்றுவிடும்.

அரும்பும் மொட்டும் மலரும்

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. கற்றவற்றை மறந்த நிலையிலும், கற்க வேண்டியவற்றைக் கல்லாத நிலையிலும் குழந்தைகள் வகுப்பிற்குத் திரும்பினர். தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் பொருளியல் அறிஞர்கள் ஆய்வு நடத்தினர். அவ்வாய்வு கற்றல் இழப்பு பெரிது என்பதைக் காட்டியது. பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது என்பதையும் அதுவே காட்டியது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் கற்பித்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் விளைந்தது.

இச்சூழலில், 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பெற்றது. முதல் மூன்று வகுப்புகளுக்கென வந்த இத்திட்டம் பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஆசிரியர் குழந்தைகளின் நிலையைச் செயலியின் துணையோடு மதிப்பிடுகிறார். பின்னர் அவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்து, அந்தந்த நிலைக்குரிய செயல்பாடுகளை வழங்குகிறார். ஒரே வகுப்பில் எழுத்தை அறியும் குழந்தையும், சொல்லைப் படிக்கும் குழந்தையும், பத்தியைப் படிக்கும் குழந்தையும் தத்தம் நிலையிலிருந்து முன்னேற இது வழிசெய்கிறது.

இப்பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூவின் பருவங்களைத் தமிழர் நுட்பமாகப் பகுத்துப் பெயரிட்டனர். அவற்றுள் மூன்றே இங்கு எடுத்தாளப்பட்டுள்ளன. எந்த அரும்பும் அரும்பாகவே இருந்துவிடுவதில்லை. நிலை என்பது இன்று நிற்கும் இடமேயன்றிக் குழந்தையின் தரம் அன்று என்பதை இப்பெயர்களே உணர்த்துகின்றன.

அறிக்கை கற்பிக்குமா?

மாணவர் நிலையை ஆசிரியரிடம் விளக்கமாகத் தெரிவித்துவிட்டால் கற்றல் தானாக உயருமா? இவ்வினாவைக் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகிய இருவரும் ஆந்திரப்பிரதேச ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் ஆராய்ந்தனர். சில பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மாணவர் தேர்வு முடிவுகளின் விரிவான பகுப்பாய்வு வழங்கப்பட்டது; அதனைப் பயன்படுத்தும் முறையும் எழுதித் தரப்பட்டது; அவர்தம் வகுப்புகள் அவ்வப்போது பார்வையிடவும் பட்டன. பார்வையாளர் வந்தபோது அவ்வகுப்புகள் சுறுசுறுப்பாகக் காணப்பட்டன. ஆனால், ஆண்டிறுதியில் அப்பள்ளி மாணவர்களின் தேர்ச்சி, பகுப்பாய்வு பெறாத பள்ளி மாணவர்களின் தேர்ச்சியிலிருந்து வேறுபடவில்லை. 2010இல் வெளிவந்த இவ்வாய்வின் படிப்பினை தெளிவானது. அறிக்கை கற்பிப்பதில்லை, அறிக்கையைக் கொண்டு எவரேனும் வேறுவகையில் கற்பித்தாக வேண்டும்.

ஒரு வினா சொல்லும் செய்தி

அங்ஙனம் கற்பிப்பது எவ்வாறு? மதுரையை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் 40 மாணவர்கள் இலக்கணத் தேர்வு எழுதுகின்றனர் எனக் கொள்வோம். பிழையற்ற தொடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஒரு வினா. ‘வந்த பையன் பாடினான்’ என்பது விடை. 14 பேர் அதனைத் தேர்ந்தெடுத்தனர். 22 பேர் ‘வந்தப் பையன் பாடினான்’ என்பதைத் தேர்ந்தெடுத்தனர். எஞ்சிய நால்வரின் விடைகள் மற்ற தெரிவுகளில் சிதறிக் கிடந்தன.

மதிப்பெண் பட்டியல் 26 பேர் தவறினர் என்று மட்டும் கூறும். வினாவாரியாகப் பார்க்கும் ஆசிரியருக்கு வேறு செய்தி கிடைக்கும். 22 பேரும் ஒரே தவறைச் செய்துள்ளனர். ஆகவே அஃது அறியாமையன்று. ‘அந்தப் பையன்’ என்பதில் சுட்டின்பின் வல்லினம் மிகும் என்று கற்றதை, ஓசை ஒப்புமையால் ‘வந்த’ என்னும் பெயரெச்சத்திற்கும் பொருத்திவிட்டனர். இவர்களுக்கு வல்லினம் மிகும் இடங்கள் அனைத்தையும் மீண்டும் நடத்துதல் வீண். ‘எந்தக் கண்மாய்’, ‘நிறைந்த கண்மாய்’ என இரண்டிரண்டாக எழுதி, முன்னிற்பது சுட்டு வினாச் சொல்லா, வினையிலிருந்து பிறந்த எச்சமா என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தெளிவு பிறக்கும்.

சரியாக விடையளித்த 14 பேரும் அப்போது சும்மா இருக்க வேண்டியதில்லை. பெயரெச்சமாயினும் ‘ஓடாக் குதிரை’ என்பதில் வல்லினம் மிகுவது ஏன் என்று அவர்களை ஆராயச் சொல்லலாம். அவர்கள் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தைத் தாமே சென்றடைவர். எஞ்சிய நால்வரிடம் ஆசிரியர் அருகில் அமர்ந்து பேச வேண்டும். வினாவே விளங்கவில்லையா, கணினியைக் கையாளுவதில் தயக்கமா, வெறும் ஊகமா என்பதை எந்தத் திரையும் சொல்லாது. இரண்டு நாள் கழித்துப் புதிய சொற்களால் அதே கருத்தில் ஒரு வினா கேட்டால், தெளிவு நிலைத்ததா என்பது புலப்படும்.

கருவியின் எல்லை

இணையவழி மதிப்பீட்டின் பெரும்பயன் விரைவு. விடைத்தாள் கட்டுகளைத் திருத்தி முடிப்பதற்குள் பாடம் வெகுதூரம் சென்றுவிடும் நிலையை அது மாற்றுகிறது. ஆனால், நான்கு தெரிவுகளில் ஒன்றைச் சுட்டும் தேர்வு, ஒரு கட்டுரையைக் கோவையாக எழுதும் திறனையோ கூச்சமின்றிப் பேசும் திறனையோ அளக்காது. இணைப்பு தடைப்பட்ட நாளில் பெற்ற மதிப்பெண் மாணவரின் அறிவை முழுமையாகக் காட்டாது. விவரங்களைப் பதிவேற்றுவதிலேயே பாடவேளை கழியுமானால், அளவு எடுப்பதற்காகப் பயிரைக் காயவிட்டதாக முடியும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. முடிவுகள் பள்ளிகளையும் மாணவர்களையும் வரிசைப்படுத்தவே பயன்படுமாயின், குறையை மறைக்கும் விருப்பம் எழும். குறை மறைந்த இடத்தில் குறைதீர் கற்பித்தலுக்கு இடமில்லை. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒருமுறை பிரிக்கப்பட்ட மாணவர் ஆண்டு முழுவதும் அக்குழுவிலேயே இருப்பாரானால், மதிப்பீடு அவருக்கு ஏணியாகாமல் வேலியாகிவிடும்.

மாணவர் பங்கு

மாணவர்களே! இம்முயற்சியில் நீங்கள் அளக்கப்படுபவர் மட்டுமல்லர். அடுத்த முறை ஆய்வகத்தில் தேர்வு முடிந்ததும், மொத்த மதிப்பெண்ணைக் கண்டு எழுந்துவிடாதீர்கள். தவறிய வினாக்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘தெரியவில்லை’, ‘குழம்பினேன்’, ‘கவனிக்கவில்லை’ என்னும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள். தெரியாததைப் படிக்க வேண்டும்; குழம்பியதை ஆசிரியரிடம் கேட்க வேண்டும்; கவனியாததை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். விடை தெரியாதபோது ஊகித்துச் சுட்டிய விடை சரியாக அமைந்துவிட்டால் அதனையும் குறித்துவையுங்கள். உங்கள் உண்மை நிலையை ஆசிரியர் அறிவதற்கு அக்குறிப்பு துணைபுரியும்.

மண் வெடித்திருப்பது வயலின் குற்றமன்று. எங்கு நீர் தேவை என்பதை அந்த வெடிப்பே நீர்ப்பாய்ச்சிக்குக் காட்டுகிறது. உங்கள் தவறான விடையையும் அவ்வாறே கொண்டு, அதனோடு ஆசிரியரை அணுகுங்கள்.