தம்பியாக நடித்த மூத்தவர்: அமிதாப் பச்சன் – சசி கபூர் இணைநடிப்பு

இந்தித் திரைப்பட வரலாற்றில் 1970களை அமிதாப் பச்சனின் காலம் எனக் குறிப்பது மரபாகிவிட்டது. அவர் ஏற்ற சினங்கொண்ட இளைஞர் பாத்திரம் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அவருக்கு எதிரே நின்ற சசி கபூரோ 'இரண்டாம் நாயகர்' என்னும் சொல்லில் அடக்கப்பட்டுவிடுகிறார். 'தீவார்' (1975) படத்திற்காக அவருக்குக் கிடைத்த பிலிம்பேர் விருதும் துணை நடிகருக்கானதே. இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உரியது என்பது நம் கருத்து.

முதலில் ஓர் எளிய செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். சசி கபூர் 1938இல் பிறந்தவர். 1961இல் யஷ் சோப்ராவின் 'தர்மபுத்ர' மூலம் நாயகரானவர். 1942இல் பிறந்த அமிதாப்பின் முதற்படம் 1969இல்தான் வெளிவந்தது. ஆயினும் 'தீவார்' படத்தில் சசி கபூரே தம்பி. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் இளையவராக நடித்ததனால், அத்தம்பியிடம் அண்ணனுக்குப் பணியாத ஒரு நிதானம் அமைந்தது.

சலீம் – ஜாவேத் எழுதிய அப்படத்தில் அண்ணன் விஜய் கடத்தல்காரன். தம்பி ரவி காவல் அதிகாரி. சிறுவயதில் தாயுடன் உறங்கிய பாலத்தின் கீழ் இருவரும் சந்திக்கும் காட்சியை அனைவரும் அறிவர். தன் செல்வங்களை விஜய் அடுக்குகிறான். ரவியோ தாய் தன்னிடம் இருப்பதை நான்கே சொற்களில் கூறி முடிக்கிறான். சசி கபூர் அவற்றைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அவரும் முழங்கியிருந்தால் அது வெறும் வாய்ச்சண்டையாகியிருக்கும்.

எனினும் அதனினும் ஆழமானதாக நாம் கருதுவது வேறொரு காட்சி. தப்பியோடும் சிறுவனின் காலில் ரவி சுடுகிறான்; அவன் திருடியது ரொட்டி என்பது பின்னரே தெரிகிறது. உணவுடன் அச்சிறுவனின் வீட்டிற்குச் செல்கிறான். தாய் அவனைச் சாடுகிறாள், ஏ.கே. ஹங்கல் நடித்த தந்தை, ஓய்வுபெற்ற ஆசிரியர், திருட்டு எதுவாயினும் திருட்டே என்கிறார். அங்கே ரவி பேசுவது குறைவு, கேட்பதே மிகுதி. அண்ணன் மீதான வழக்கை ஏற்கும் முடிவு அந்தக் கேட்டலிலிருந்தே பிறக்கிறது. பிரித்வி தியேட்டரிலும் ஜெப்ரி கெண்டலின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவிலும் பயின்றவருக்கு, மேடையில் கேட்டுக்கொண்டிருப்பதும் நடிப்பே என்பதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

யஷ் சோப்ரா இவ்விருவரையும் 'கபி கபி' (1976), 'திரிசூல்' (1978), 'காலா பத்தர்' (1979), 'சில்சிலா' (1981) ஆகியவற்றிலும் இணைத்தார். 'கபி கபி'யில் கலகலப்பான கணவராகச் சசி கபூர் வருவதாலேயே, காதலை இழந்த கவிஞரின் இறுக்கம் நமக்குப் புலனாகிறது. 'சில்சிலா'வில் மட்டும் அவர் அண்ணன். போரில் விரைவிலேயே இறந்துவிடுகிறார். பிரகாஷ் மெஹ்ராவின் 'நமக் ஹலால்' (1982) நகைச்சுவைப் படம். அதிலும் பணியாளரின் குறும்புகளுக்கு முதலாளியின் அடக்கமே அளவுகோல்.

'தீவார்' 1981இல் 'தீ' எனத் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டது. அண்ணனாக ரஜினிகாந்த், தம்பியாக அப்போது திரைக்குப் புதியவரான சுமன். வயது வரிசை இங்கே இயல்பாகப் பொருந்திவிட்டது. ஆனால் தராசின் ஒரு தட்டு தாழ்ந்துவிட்டது. தமிழில் அது அண்ணனின் படமாகவே நினைவில் நிற்கிறது.