தாத்தா சுதேசியா, பரங்கியா?

கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் பழைய கல்லறைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரைமார்களின் பிரம்மாண்ட கூம்புகளுக்கிடையே ஹென்றி லூயி விவியன் டெரோசியோ உறங்குகிறார். 1831 டிசம்பர் 26 அன்று காலரா அவரைக் கொண்டுபோனபோது வயது 22. கல்யாணம் ஆகவில்லை. வாரிசு இல்லை. அவருடைய குடும்பத்தைத் தேடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும்.

முதல் சில அடிகள் சுலபம். கம்பெனி ஆட்சியில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் தேவாலயப் பதிவேட்டில் ஏறும். நகல்கள் கப்பலில் லண்டன் போகும். அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில். டெரோசியோ 1809 ஆகஸ்டில் கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்பா பிரான்சிஸ், ஜேம்ஸ் ஸ்காட் கம்பெனியின் கணக்கர். அம்மா சோபியா ஜான்சன், மகனுக்கு ஆறு வயதானபோதே இறந்துவிட்டார். பள்ளியை விட்டதும் அப்பாவின் கம்பெனியில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை; பிறகு பாகல்பூரில் உறவினர் ஆர்தர் ஜான்சனின் அவுரித் தோட்டம்.

சிக்கல் தாத்தாவிடம். மைக்கேல் டெரோசியோவை 1789-ம் ஆண்டு செயின்ட் ஜான் பதிவேடு 'சுதேசி புராட்டஸ்டன்ட்' என்கிறது. 1795-ம் ஆண்டு பெங்கால் டைரக்டரியிலோ அவர் 'போர்ச்சுகீசிய வியாபாரி, ஏஜென்ட்'. ஆறே வருடத்தில் மனிதர் கண்டம் தாண்டிவிட்டார்!

பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய கல்கத்தாவில் 'போர்ச்சுகீசியர்' என்றால் லிஸ்பனில் பிறந்தவர் என்று அர்த்தமல்ல. அப்படியொரு குடும்பப் பெயரும் தொப்பியும் உள்ள கிறிஸ்தவர் யாரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். நிறம் பார்த்துக் கதவு சாத்தப்பட்ட காலமும் அதுதான். தாயோ தந்தையோ இந்தியராக இருந்தால் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் உத்தியோகம் கிடையாது என்று 1791-ல் உத்தரவு. 1795-ல் ராணுவத்தில் அவர்களுக்கு மிஞ்சியது வாத்தியம் வாசிப்பதும் லாடம் அடிப்பதும் போன்ற வேலைகள். பதிவேட்டில் ஒரு சொல் மாறினால் பிழைப்பே மாறிய நாட்கள்.

பேரன் இந்தச் சடுகுடு ஆடவில்லை. 1826-ல், 17 வயதில், இந்து கல்லூரி ஆசிரியர். இந்தியாவைத் தாய்நாடாக அழைத்து இங்கிலீஷில் கவிதை எழுதினார். பையன்களைக் கேள்வி கேட்கப் பழக்கியதற்காக 1831 ஏப்ரலில் வெளியேற்றப்பட்டார். அந்த வருடமே சொந்தப் பத்திரிகை தொடங்கி, கலப்பினத்தார் தங்களை அழைத்துக்கொண்ட பெயரையே வைத்தார்: 'தி ஈஸ்ட் இண்டியன்'. ரத்த வாரிசு இல்லாதவருக்கு கிருஷ்ண மோகன் பானர்ஜி, ராம்கோபால் கோஷ் எனச் சீடர் வம்சம் தழைத்தது.

ஆனாலும் தாத்தா கேள்வி தீரவில்லை. அரசியல் சட்டத்தின் 366-வது பிரிவு ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதற்கு ஆண்வழியை மட்டுமே பார்க்கிறது: தந்தையோ, தந்தைவழி முன்னோர்களில் ஒரு ஆணோ ஐரோப்பியராக இருக்க வேண்டும். 2020 ஜனவரி வரை மக்களவையில் இரண்டு நியமன இடங்கள் இந்த வரையறையை நம்பியே இருந்தன. அதன்படி, அந்தச் சமூகம் தன் முதல் கவிஞராகக் கொண்டாடும் டெரோசியோ அந்தச் சமூகத்தவர்தானா என்பது மைக்கேலையும் அவருக்கு முந்திய ஆண்களையும் பொறுத்தது. சோபியா ஜான்சனின் இங்கிலீஷ் ரத்தம் கணக்கில் வராது.