கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை

இரவு ஒன்பதரை மணி. வீட்டுக்குப் பால் வாங்குவதற்காக எங்கள் தெரு முனையிலுள்ள மளிகைக் கடையில் நின்றிருந்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் பத்தொன்பது வயதுச் சிப்பந்தி மட்டுமே இருந்தார். மோட்டார் சைக்கிளின் என்ஜினை நிறுத்தாமலே மூன்று இளைஞர்கள் வந்து நின்றனர். இரண்டு சிகரெட் பாக்கெட்டுகளும் மூன்று குளிர்பானங்களும் கேட்டனர். பிள்ளை பொருள்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே கணக்குச் சொன்னார். ஒருவன் பலகையில் ஓங்கி அறைந்தான். "எங்ககிட்டயே காசு கேக்குறியா? நாளைக்குக் கடை திறக்கணுமா, வேணாமா?"

பிள்ளையின் கைகள் நடுங்கின. பொருள்களை நீட்டிவிட்டார். வண்டி போய்விட்டது. அங்கே நின்றிருந்த நாங்கள் நால்வரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விசாரித்தபோது அவர் தலை குனிந்தபடி, "சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்னு முதலாளி சொல்லிட்டாங்க, ஹஜ்ரத்" என்றார்.

முதலாளி கொடியவர் அல்லர். வாடகை, மின்கட்டணம், சரக்குக்குக் கொடுக்கவேண்டிய நிலுவை எல்லாம் அவர் தலைமேல் நிற்கின்றன. ஒரு சிகரெட் பாக்கெட் பறிபோனால், பல பாக்கெட்டுகளை விற்றுக் கிடைத்த இலாபமும் அதனோடு போய்விடுகிறது. அவரும் இழந்தவர்தாம். எனினும் ரவுடியிடம் கேட்க முடியாத தொகையை, திருப்பிப் பேச முடியாத பிள்ளையிடம் கேட்கிறார். வன்முறையின் சுமை இவ்வாறு படிப்படியாகக் கீழிறங்கி, கடைசியில் இருப்பவர்களிலேயே எளியவரின் தோளில் போய் அமர்கிறது.

நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் உள்ளூரிலும் வெளியூரிலும் இவ்வாறு கல்லாவில் நிற்கிறார்கள்! அவர்கள் வீட்டுக்கு எழுதுவதும் பேசுவதும் சம்பளத்தைப் பற்றித்தான். வாங்கிய வசைகளையும், ஷட்டரை இறக்கும் நேரத்தில் வரும் அச்சத்தையும் தாயிடம் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறையாகக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை. இத்தகைய சிறு திருட்டைக் காவல்துறை நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிப் புலன் விசாரிக்க இயலாது. பசியால் ரொட்டி எடுத்த ஏழையைச் சிறையில் தள்ளாமலிருக்க இது நல்ல ஏற்பாடே.

ஆனால் மிரட்டிப் பறிப்பது வேறு குற்றம். அது 308ஆம் பிரிவின்கீழ் வருகிறது. ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. தொகை எவ்வளவு சிறிதாயினும் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். மாமூல் கேட்டு அச்சுறுத்துவதும் இதில் அடங்கும். கடைக்காரர்கள் பலர் புகார் எழுதும்போது, "சிகரெட் எடுத்துச் சென்றனர்" என்று மட்டும் எழுதிவிடுகின்றனர். பலகையில் அறைந்ததையும் கடை திறக்க விடமாட்டோம் என்றதையும் விட்டுவிடுகின்றனர். அந்த இரண்டு வரிகள் விடுபட்டால் பெரிய குற்றம் சிறு திருட்டாகச் சுருங்கிவிடும். ஆகவே நாள், நேரம், வண்டி எண், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றிரவே ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும்.

சட்டத்துக்குக் கட்டுப்படுவதாலேயே அடி வாங்கும் நிலையும் உண்டு. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். வயதைக் கேட்டால் வம்பு வருகிறது. கேட்காவிட்டால் வழக்கு வருகிறது. இந்த இக்கட்டை ஸ்காட்லாந்து நாட்டவர் உணர்ந்திருக்கிறார்கள். அங்கு 2021இல் கடை ஊழியர்களைப் பாதுகாக்கவென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றினர். ஊழியரை அடிப்பது மட்டுமன்றி, அச்சுறுத்துவதும் இழிவாக ஏசுவதும் அச்சட்டப்படி குற்றம். வயதுச் சான்று கேட்ட காரணத்துக்காக அவ்வாறு செய்தால் குற்றத்தின் கடுமை மிகுதியாகக் கருதப்படும். சட்டத்தைக் காப்பவருக்குச் சட்டம் காவல் நிற்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

இனி, சம்பளப் பிடித்தம். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஊழியரின் பொறுப்பில் ஒப்படைத்த பொருளோ பணமோ, அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக இழக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஊதியத்தில் பிடிக்கலாம். அதற்கு முன் விளக்கமளிக்க அவருக்கு வாய்ப்புத் தரவேண்டும். மூன்று பேர் மிரட்டியபோது பத்தொன்பது வயதுப் பிள்ளை பணிந்தது எவ்வகைத் தவறு?

இதை முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "பிடிக்கலை ஹஜ்ரத். ஆனா புகார் கொடுத்தா நாளைக்கு என் பக்கம் யார் நிப்பா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைத்தான் சுட்டது. அன்றிரவு பால் பாக்கெட்டுடன் மௌனமாக நின்றவன் நான். புகார் மனுவில் சாட்சியாக என் பெயரை முதலில் எழுதினேன். உடன் நின்ற மூவரின் வீடுகளுக்கும் சென்றேன். ஒருவர் கையொப்பமிட்டார். ஒருவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். மற்றவர் கதவைத் திறக்கவில்லை. அவரையும் நான் குறை கூறமாட்டேன். அச்சம் எத்தகையது என்பதை நானும் அறிவேன்.

எனினும் பெற்றோர்கள் இரண்டு கேள்விகளைத் தங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கவேண்டும். வெளியூர்க் கடையில் நிற்கும் நம் பிள்ளைக்கு ஆபத்து நேர்ந்தால் அங்கே யாராவது வாய் திறக்கவேண்டும் என்று விரும்பமாட்டோமா? இரவில் வண்டியெடுத்துச் செல்லும் நம் இன்னொரு பிள்ளை, எந்தக் கடையின் பலகையில் அறைகிறான் என்பதை நாம் அறிவோமா?