கறுத்த தோலில் ‘சிவப்பு’ எங்கே?

உங்கள் முன்கையை ஒரு விரலால் சில விநாடிகள் அழுத்திவிட்டு விரலை எடுங்கள். அழுத்திய இடம் ஒரு கணம் வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்புவது தெரிகிறதா? வெள்ளைத் தோலுள்ள நண்பரின் கையில் அது பளிச்சென்று தெரியும். என் கையில் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. நான் நல்ல கறுப்பு.

தாதிமைப் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை இது. நோயாளியின் தோலில் சிவந்திருக்கும் இடத்தை அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண்ணின் முதல் நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். சிவப்பே கண்ணுக்குத் தெரியாத தோலில் இதை எப்படிச் செய்வது?

படுக்கைப் புண் வரும் விதம் எளிமையானது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசை நசுங்குகிறது. மெல்லிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, ஆக்சிஜன் கிடைக்காத திசு சாகத் தொடங்குகிறது. நாம் தூக்கத்திலேயே புரண்டு படுத்துத் தப்பித்துவிடுகிறோம். பக்கவாதம் வந்தவராலும் இடுப்பெலும்பு முறிந்தவராலும் அது முடிவதில்லை. முதுகின் அடியில் உள்ள எலும்புப் பகுதியும் குதிகாலும்தான் அதிகம் பாதிக்கப்படும். சக்கர நாற்காலியில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கும் வரும். ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்புறத்தில்கூட வரும்.

அதனால் ‘படுக்கைப் புண்’ என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. படுக்கை இல்லாமலும் வரலாம். தோல் கிழிந்து புண்ணாகும் முன்பே உள்ளே சேதம் தொடங்கியிருக்கலாம். இத்துறையில் வழிகாட்டும் அமெரிக்க ஆலோசனைக் குழு, 2016-இல் ஆங்கிலத்தில் ‘அல்சர்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘இஞ்சுரி’ என்று மாற்றியது. ‘அழுத்தக் காயம்’ என்று நாமும் சொல்லலாம். முதல் நிலையில் கண்டுபிடித்தால், அழுத்தத்தை நீக்கினாலே பெரும்பாலும் தோல் மீண்டுவிடும். நான்காம் நிலையில் தசையும் எலும்பும் வெளியே தெரியும். அது ஆற மாதக்கணக்கில் ஆகலாம். கிருமித்தொற்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பார்பரா பிராடன், நான்சி பெர்க்ஸ்ட்ரோம் என்ற இரு தாதியர் 1980களில் உருவாக்கிய ‘பிராடன் அளவுகோல்’ இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், உடல் அசைவு, ஊட்டச்சத்து, உராய்வு என ஆறு அம்சங்களுக்கு மதிப்பெண் தருவோம். மொத்தம் 6 முதல் 23 வரை வரும். 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் எச்சரிக்கை. நல்ல கருவிதான். ஆனால் யாருக்குப் புண் வரக்கூடும் என்பதைத்தான் அது சொல்லும். வந்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியது நாம்தான்.

பணிப்பயிற்சியின்போது ஒரு மூத்த தாதி இதைச் செய்வதைப் பார்த்தேன். அவர் மலாய்க்காரர். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த தமிழ்ப் பாட்டியின் பதிவேட்டில், தோல் இயல்பாக உள்ளது என்று எழுதியிருந்தது. அவர் முதலில் சன்னல் திரையை விலக்கினார். குழல் விளக்கின் நீல வெளிச்சத்தில் கறுத்த தோலின் நிறமாற்றம் சரியாகத் தெரியாது என்றார். பிறகு இரண்டு குதிகால்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். “நீயும் தொட்டுப் பார். இரண்டும் ஒன்றா?” என்று கேட்டார். வலது குதிகால் சூடாக இருந்தது. இடதைவிடக் கொழகொழவென்றும் இருந்தது. நிறம் சற்றே கூடுதலாகக் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

“பாட்டி, குதிகால் எப்படி இருக்கு?” என்று தமிழில் கேட்டேன்.

“ரெண்டு நாளா காந்துதும்மா. யாருகிட்ட சொல்றது? அவங்க வந்து ‘சாக்கிட், சாக்கிட்?’னு கேக்குறாங்க. வலின்னு சொல்ல முடியாது, காந்துது.”

பாட்டிக்கு அது வலி இல்லை. அதனால் வலி இல்லை என்றே பதில் சொல்லியிருக்கிறார். மூத்த தாதி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். சில நாளில் சூடு தணிந்தது. அன்று முதல் தமிழ் பேசும் முதியவர்களிடம் நான் ‘வலிக்குதா?’ என்பதோடு நிறுத்துவதில்லை. எரியுதா, அரிக்குதா, மரத்துப் போச்சா, காந்துதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். தமிழ் வகுப்பில் படித்த சொற்களுக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

தோல் நிறத்தால் வரும் சிக்கல் இது ஒன்று மட்டுமல்ல. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி கறுத்த தோலில் அளவைச் சில நேரம் கூட்டிக் காட்டுகிறது என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு பரபரப்பை ஏற்படுத்தியது. அதே ஆண்டு லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், பாடப்புத்தகப் படங்களில் தன்னைப் போன்றவர்களின் தோல் இல்லையே என்று கேட்டார். இரு விரிவுரையாளர்களுடன் சேர்ந்து, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேட்டையே வெளியிட்டார். அப்போது அவர் ஏறக்குறைய நம் வயதுதான். நம் வட்டாரத்துத் தோல் நிறங்களுக்கும் அப்படி ஒரு படத்தொகுப்பு கிடைத்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

2030-க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. தாதிமை படிக்காதவர்களின் வீட்டிலும் படுத்திருக்கும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். குளிப்பாட்டும்போது குதிகால், இடுப்பின் பக்கங்கள், முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். சூடு, குளிர்ச்சி, கெட்டித்தன்மை, மினுமினுப்பு எது மாறியிருந்தாலும் தாதியிடம் சொல்லுங்கள். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது உள்ளே நைந்த திசுவை மேலும் நைத்துவிடும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும் வேண்டாம், அதன் விளிம்பே இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கட்டிலில் மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காமல், விரிப்போடு சேர்த்து இருவராகத் தூக்குங்கள். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள். தாத்தாவின் தோலைத் தினமும் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான்.